மெட்டிக்கு இடம்

துவரங்குறிச்சி பஸ்ஸிலிருந்து செல்லக்கிளி இறங்கியபோது அவள் காலில் பழைய ரப்பர் செருப்புதான் இருந்தது. போன வாரம் ரத்தினவேல் வாங்கிக் கொடுத்த பூட்ஸ், தோளில் தொங்கிய காக்கிப் பையிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களிலும் கட்டை விரலுக்கு அடுத்த விரலில் துணி சுற்றியிருந்தாள்.

சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்த ரத்தினவேல் மனைவியின் முகத்தைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்துவிட்டான்.

"போடலையா?"

"போட்டேங்க. புதன்கிழமை வரைக்கும் போட்டேன்."

"புதுசுன்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும் கிளி."

"கொஞ்சம் கடிச்சா பொறுத்துக்கலாம். இது விரலையே கேக்குது."

அவன் பையை வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டினான். ஆசையாகச் செய்த காரியம் வீணானதில் வருத்தம் இருந்தது. ஆனால் அவள் பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும் நொண்டி நொண்டி நடந்து வருவதைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செல்லக்கிளிக்கு மருங்காபுரி வட்டாரத்தில் கிராம சேவிகா வேலை. புகையில்லாத அடுப்பு போடச் சொல்லிக் கொடுப்பாள், மாதர் சங்கம் கூட்டுவாள், பச்சைப் பிள்ளைகளைத் தொட்டில் தராசில் எடை போட்டுப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பாள். எல்லாம் நடந்துதான். கருவேல முள்ளும் சுக்கான் கல்லும் கிடக்கிற மேட்டு நிலத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே ரோடு என்று ஒன்று கிடையாது. ரத்தினவேலுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. காட்டூரில் வாடகை வீடு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நாலு வருஷமாக இந்தக் குடித்தனம்தான். பிள்ளை இல்லாத வீட்டில் மற்ற நாட்களில் ரத்தினவேல் தானே பொங்கி, தானே சாப்பிட்டு, தானே கழுவி வைத்தான்.

இரண்டு மாதமாகச் செல்லக்கிளிக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது யாரோ ஆணியை அடிப்பதுபோல் இருக்கும். மணப்பாறையில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, "தட்டைச் செருப்பு உனக்கு ஆகாதும்மா. குதிகாலைத் தூக்கி வச்சு, கணுக்காலைப் பிடிச்சுக்கற மாதிரி நல்ல தோல் பூட்ஸ் போட்டா நடக்கலாம். இல்லாட்டி மூணு மாசம் காலைக் கீழ வைக்காம இரு" என்றார்.

மூன்று மாதம் என்பது நடக்காத காரியம். அவளுடையது நிரந்தர வேலை இல்லை. வட்டார அதிகாரி நல்ல மனிதர்தான். அவரும் நேற்று, "வர்ற திங்கக்கிழமையிலிருந்து பழையபடி ரவுண்டு போக முடியுமா, பாரும்மா. முடியாட்டி அந்த ஊர்களுக்கு வேற ஒருத்தரைப் போட்டுத்தான் ஆகணும். நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டார். பூட்ஸ் அமைந்தால் வேலை. அமையாவிட்டால் காட்டூர்.

"வீட்டுக்குப் போய்க் காப்பி குடிச்சிட்டு, நாளைக்குக் கடைக்குப் போகலாமே" என்றான் ரத்தினவேல்.

"நாளைக்குக் கால் வீக்கம் வடிஞ்சிரும். அப்புறம் எந்தப் பூட்ஸும் சரியாத்தான் இருக்கும். இப்பவே போயிடுவோம்ங்க. நானும் வரேன்."

அவள் கடைக்கு வருவது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. அவன் வீட்டுப் பெண்கள் செருப்புக் கடை ஏறியதில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, குதிகாலிலிருந்து கட்டை விரல் நுனி வரைக்கும் பிடித்து ஒடித்து, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆண்பிள்ளை போய் வாங்கி வருவான். பெண்பிள்ளை அந்நியர் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டக் கூடாது. இந்தப் பூட்ஸுக்கும் அப்படித்தான் அளவு எடுத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அசந்து தூங்கும்போது. வந்த பூட்ஸையும் வீட்டுக்குள் போட்டு நடக்கக் கூடாது என்று, பாயின் மேலேயே இரண்டடி எடுத்து வைத்துப் பார்த்தாள். நன்றாக ஓய்ந்திருந்த காலுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

நிஜாமுதீன் பாயின் கடை கண்டோன்மெண்டில், ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியப் பெண்களும் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸுகளும் வருகிற கடை. பாய்க்கு ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது. திரும்பி வந்த பூட்ஸைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கொண்டு வந்தது ஈர்க்குச்சி. ஈர்க்குச்சிக்கு இந்தப் பூட்ஸ் கச்சிதமா இருந்துச்சு. ஈர்க்குச்சி மெட்டி போட்டிருந்துச்சா?"

ரத்தினவேல் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். செல்லக்கிளி பெஞ்சில் உட்கார்ந்து விரல் துணியை அவிழ்த்தாள். பாய் மரியாதைக்காக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று சுற்று வெள்ளி மெட்டி, மேலே ஒரு முத்து. ரத்தினவேல் வீட்டு வழக்கம் அது. மற்றவர்கள் போடுவதைவிடக் கனம். அந்த முத்துக்கு மேலே பூட்ஸ் தோல் அழுத்தி, சதை வெந்ததுபோல் சிவந்திருந்தது.

"எட்டு வருஷமா உன் கால்ல கிடக்கு" என்றான் அவன் மெதுவாக. "எனக்குக் கண்ணுலயே படலை பாரு."

"எனக்கே மறந்து போச்சு. திங்கக்கிழமைதான் ஞாபகம் வந்தது."

பாய் சிரித்துவிட்டார். "என் மேலயும் தப்பு இருக்கும்மா. இங்க பூட்ஸ் வாங்கறவங்க யாரும் மெட்டி போடறவங்க இல்லை. எனக்குத் தோணலை. சரி, வேற என்ன குறை?"

"குதி" என்றாள் அவள். "குதி மட்டும் தனியா உசந்து நிக்குது. கல்லு மேல வச்சா கால் பிரளுது. மணல்ல குத்திக்குது."

"அப்போ உங்களுக்கு வேண்டியது வேற." பாய் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார்.

முதல் ஜோடியை அவள் தொடவேயில்லை. முன்பக்கம் கூம்பிப் போயிருந்தது. "இதுக்குள்ள அஞ்சு விரலும் எப்படி பாய் போகும்?"

"போகாதும்மா. இது டான்ஸுக்கு. ரெண்டு விரல் வீட்டுலயே இருக்கும்."

இரண்டாவது ஜோடியின் அடி, குதியிலிருந்து விரல் வரை ஒரே கட்டையாகச் சரிந்து வந்தது. நடுவில் இடைவெளி இல்லை. "இதுக்கு வெட்ஜ்னு பேரு. ஆப்பு மாதிரி இருக்குல்ல? குதிகால் உசரத்துல இருக்கும், ஆனா உள்ளங்கால் முழுக்கத் தரையில உக்காரும்." அவள் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உள்ளே மரக்கட்டை. இதை மாட்டிக்கொண்டு நடப்பதும் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதும் ஒன்று.

மூன்றாவதைப் பிரிக்கும்போது பாயின் குரல் இறங்கியது. "இது காலனியில ஒரு டீச்சரம்மா ஆர்டர் கொடுத்துத் தைச்சது. வாங்கறதுக்குள்ள ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோட கப்பல் ஏறிட்டாங்க. இந்த மாதிரி தோலு எப்பவும் கிடைக்காது. உள்ள தக்கை, வெளிய தோலு. நம்ம இருதயநாதன் கைவேலை."

செல்லக்கிளி அவசரப்படவில்லை. நாள் முழுக்க நடந்து வீங்கிய காலோடு இருந்தாலும், அடுப்பு மண்ணைப் பிசைந்து பார்க்கிறவளைப்போல் நிதானமாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தது, நடுவில் வளையவில்லை. உள்ளே கையை விட்டுத் தையல் எங்காவது துருத்துகிறதா என்று தடவினாள். அடித்தோலை நகத்தால் நெம்பினாள். ஆணி இல்லை, பசை இல்லை, சுற்றிலும் மெழுகு நூலில் தையல். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரம், லேஸ் கட்டுகிற மாதிரி. கடைசியாக முகர்ந்து பார்த்தாள்.

"முகர்ந்து என்ன தெரியும்?" என்றான் ரத்தினவேல்.

"ஒண்ணும் தெரியாது. நல்லா இருக்கு."

போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நடக்கவில்லை, நின்றாள்.

"நடந்து பாரும்மா" என்றார் பாய்.

"நின்னுதான் பாக்கணும் பாய். நான் வேலை செய்யறது பாதி நேரம் நின்னுக்கிட்டு."

அப்படி நிற்கையில் அவள் முகம் மாறியதை ரத்தினவேல் கவனித்தான். இரண்டு மாதமாகக் குதிகாலில் உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, உள்ளங்கால் முழுக்கப் பரவிக்கொண்டது. அவள் தன்னையறியாமல் பெருமூச்சு விட்டாள். பிறகு கடைக்குள் நாலு அடி எடுத்து வைத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மெட்டியா?"

"ம்."

அடுத்த அளவு ஒரு ஜோடி, சாதாரணத் தோலில் இருந்தது. அதில் மெட்டி தப்பியது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் கழன்று கழன்று மேலே ஏறியது. அப்படி ஒரு மைல் நடந்தால் குதிகாலில் கொப்புளம். அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் டீச்சரம்மா பூட்ஸையே மாட்டிக்கொண்டாள்.

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்கச்சி, தப்பா நினைக்கக் கூடாது. வேலைக்குப் போற நேரம் மட்டும் மெட்டியைக் கழட்டி வச்சுட்டா... பூட்ஸுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

ரத்தினவேலின் முகம் இறுகியது. பதில் சொன்னது செல்லக்கிளிதான்.

"பூட்ஸோட யாரு வீட்டுக்குள்ள விடுவாங்க பாய்? ஒவ்வொரு வாசல்லயும் கழட்டணும். நான் உள்ள போறதுக்கு முன்னாடி பொம்பளைங்க என் காலைத்தான் பாப்பாங்க. மெட்டி இல்லாம போய் நின்னா, 'சேவிகாம்மா வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு'ன்னு ஊரே கேக்கும். அப்புறம் எந்தத் தாய் பிள்ளையைத் தூக்கி என் மடியில கொடுப்பா?"

"வாஸ்தவம்" என்றார் பாய். "அப்போ புதுசாத்தான் தைக்கணும். மெட்டியோட சேத்து அளவெடுத்து, கால் அச்சுக் கட்டை செதுக்கி... பத்து நாள் ஆகும்."

"திங்கக்கிழமை வேணுமே."

"திங்கக்கிழமைக்குன்னா ஜின்னு பூதம்தான் வந்து தைக்கணும்."

பேக்கரியிலிருந்து ரொட்டி வேகிற வாசனை வந்தது.

"அப்போ விட்டுடு கிளி" என்றான் ரத்தினவேல்.

அவன் குரல் பிரியமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. செல்லக்கிளி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பாய் ஏதோ வேலை இருப்பதுபோல் கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

"நான் விட்டுட்டா உங்களுக்கு நல்லதுதானே" என்றாள்.

"நல்லதுதான். பொய் சொல்லலை." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஷிஃப்டு முடிஞ்சு வந்து பூட்டைத் திறக்கறப்பல்லாம் நினைச்சுக்குவேன். நாலு வருஷமா நான் வச்ச ரசத்தை நானே குடிச்சு என் நாக்கே செத்துப் போச்சு. நீ வர்றே, ஒரு நாள் தூங்கறே, போயிடறே. உன்னைத் தூங்கறப்பதான் நான் நிறையப் பாக்கறேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? எனக்கும் அசதியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"காளியாயி பிள்ளைன்னு சொன்னேன்ல. பிறந்தப்ப பூனைக்குட்டியாட்டம் இருந்துச்சு. ரெண்டு மாசமா நான்தான் எடை போடறேன். போன திங்கக்கிழமை முதல் தடவையா முள்ளு நகந்துச்சு. அவ நம்பவே இல்லை. இன்னொரு தடவை போடுங்கன்னா. மூணு தடவை போட்டோம்." அவள் நிறுத்தினாள். "வேற ஒருத்தி வந்தாலும் போடுவா. எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் போடணும்னு இருக்கு."

அவள் குனிந்து லேஸை அவிழ்த்தாள். இரண்டு பூட்ஸையும் கழற்றி, லேஸை உள்ளே மடித்துப் பெட்டியில் வைத்து, மூடியைப் போட்டாள். உள்ளேயிருந்து வந்த பாயிடம், "நல்ல வேலைப்பாடு பாய். இருதயநாதன்கிட்ட சொல்லுங்க" என்றாள். ரப்பர் செருப்பில் காலை நுழைத்து, "வாங்க போகலாம்" என்றாள்.

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் ரத்தினவேல் சைக்கிளை எடுத்திருப்பான். அவள் அழுதிருந்தாலும் எடுத்திருப்பான், ஆறுதல் சொல்லிக்கொண்டே. ஆனால் மூன்று மைல் நடந்து போன வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி நடக்கிறவளைப்போல், அத்தனை சாதாரணமாக அவள் அதைச் சொன்னாள். அந்த ஊர்களில் இப்படி எத்தனை தடவை திரும்பி நடந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"உக்காரு" என்றான்.

"என்னது?"

"உக்காரு கிளி. பாய், சாக்பீஸ் இருக்கா? கொஞ்சம் தண்ணி?"

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வலது காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். அவள் பதறிப்போய்க் காலை இழுத்தாள். "என்னங்க இது, கடையில! யாராவது பாத்தா?"

"கல்யாணத்துல ஊரே பாக்கத்தானே இந்தக் காலைப் பிடிச்சு அம்மி மேல வச்சேன். ஆடாம இரு."

சாக்பீஸை நனைத்து மெட்டியின் முத்தில் கனமாகத் தேய்த்தான். அப்படியே டீச்சரம்மா பூட்ஸை மாட்டி, மேலே ஒருமுறை அழுத்தி, ஆடாமல் கழற்றினான். உள்ளே விரலை விட்டுத் தடவி எடுத்தபோது தோலில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு நேராக வெளியே பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.

"இந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மேல மெத்துன்னு ஒரு தோலைக் குமிழ் மாதிரி வச்சுத் தைக்கச் சொல்லுங்க. போல்ட் தலை இடிக்குதுன்னா ஷாப்ல தகட்டுக்கு இப்படித்தான் செய்வோம்."

பாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா! இந்தத் தோலை ஓட்டை போடணுமா? தம்பி, பூட்ஸு ரெண்டுக்கும் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கும்."

"கொம்பு இருந்துட்டுப் போகட்டும் பாய்" என்றாள் செல்லக்கிளி. அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற. இருதயநாதன் சர்ச்சுப் பூசை முடிஞ்சுதான் ஊசியைத் தொடுவான்."

"முடிஞ்சதும் தொடச் சொல்லுங்க" என்றபடி ரத்தினவேல் அவளுடைய இடது காலை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் பூட்ஸ் வந்தது. பாய் சொன்னதுபோலவே ஒவ்வொன்றின் முன்பக்கமும் ஒரு சின்னக் கொம்பு. குதிகாலைப் பிடித்திருந்தது, விரல் அதன் இடத்தில் சும்மா இருந்தது. ஆனால் கடைக்குள் நடந்து பார்த்து நம்ப அவள் இப்போது தயாராக இல்லை. விடிந்தால் பஸ் ஏற வேண்டும். எங்காவது தூரமாக நடந்து பார்க்க வேண்டும் என்றாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து காவேரிப் பாலத்துக்கு நடந்தார்கள்.

கண்டாங்கிச் சேலைக்குக் கீழே பூட்ஸோடு வருகிற பெண்ணைப் பார்த்து ஒரு ஜட்கா வண்டிக்காரர் குதிரையை நிறுத்தியேவிட்டார். "தாயி எந்த ரெஜிமென்ட்டுங்க?"

"ஓட்டய்யா உன் வண்டியை" என்றான் ரத்தினவேல்.

"காட்டூர் ரெஜிமென்ட்டுண்ணே" என்றாள் செல்லக்கிளி.

வண்டிக்காரர் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

பாலத்தில் காற்று அடித்தது. ஆற்றில் பாதி மணல், பாதி தண்ணீர். அவள் நடந்தாள். வலி எங்கிருந்து கிளம்பும் என்று உடம்பெல்லாம் காதாகக் கேட்டுக்கொண்டே நடப்பதுபோல் இருந்தது. அவன் பக்கத்தில் வந்தான். நடுப்பாலத்தில், "வலிக்குதா?" என்றான்.

"இன்னும் இல்லை. பாப்போம்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டான். அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கேட்கிற குரலில் அக்கறையும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. அது அவளுக்குக் கேட்டது. அவன் வேண்டுமென்று அப்படிக் கேட்கவில்லை என்பதும் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்துக் கரையில் பாலம் முடிகிற இடத்தில் நின்றார்கள். தென்னந்தோப்புக்கு மேலே, கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம் இருட்டிக்கொண்டு நின்றது. செல்லக்கிளி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காட்டூரில் சொந்த அடுப்பு, மத்தியானத் தூக்கம், ஷிஃப்டு முடிந்து வருகிறவருக்குச் சூடாக ரசம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவளே தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டாள். நேற்று வரைக்கும் அந்த வார்த்தை உண்மையாகவே இருந்தது. இப்போதும் உடம்பு மொத்தமும் அசதியாகத்தான் இருந்தது. கால் மட்டும் வலிக்கவில்லை.

"வலிக்குதா கிளி?"

"இல்லைங்க. வலிக்கலை."

அவன் ஆற்றைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான், தனக்கே ஏதோ சொல்லிக்கொண்டதுபோல.

"நல்ல தோலுதான்" என்றான்.

"ம்."

"காலையில எத்தனை மணிக்கு எழுப்ப?"

"நாலரைக்கு எழுப்புங்க. நான் எழுந்திரிக்கலைன்னா தண்ணி தெளிச்சு எழுப்புங்க."

"எழுப்பறேன்." அவன் சட்டையை உதறிவிட்டுக்கொண்டு திரும்பினான். "பஸ்ல போயிடலாமா? எனக்குக் கால் வலிக்குது."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வருகிற வரைக்கும் விடவில்லை.